அணைய மறுக்கும் எஞ்சின் விளக்கு

நம்மவர் வீடுகளில் கார் என்றால் பெரும்பாலும் பழைய கார்தான். யாரோ ஏழெட்டு ஆண்டு ஓட்டி விற்றதை வாங்கி, வாரநாளில் பள்ளிக்கூடத்துக்கும் மார்க்கெட்டுக்கும், பொங்கல் தீபாவளிக்கு ஓசூர் சாலை வழியாக ஊருக்குமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நீலசந்திராவில் எங்கள் தெருவில் நிற்கும் கார்களை ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினொன்றில் எட்டு, பத்து வயதைத் தாண்டியவை. அந்த எட்டில் மூன்றுக்கு டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் போட்ட விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அந்த மூன்றில் ஒன்று என்னுடையது.

எனக்கு அது முதலில் எரிந்தது அத்திப்பள்ளி தாண்டியபோது. இரவு எட்டரை மணி, பின் சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், போக வேண்டியது திருவண்ணாமலை. வண்டி ஓடுவதில் எந்த மாற்றமும் இல்லை. திரும்பிவிடலாமா, போகலாமா என்று ஓரமாக நிறுத்தி யோசித்த கால் மணி நேரத்தை இன்னும் மறக்கவில்லை. அன்று எனக்குத் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறது, வண்டி வழக்கம்போல் இழுக்கிறது, வெப்பமானி முள் நடுவில் நிற்கிறது, சிவப்பு விளக்கு எதுவும் இல்லை என்றால் பயணத்தைத் தொடரலாம். திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது இதைத்தான். எரியாத அந்தப் பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே தேன்கூடு போல இருக்கும் பீங்கானை உருக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரை விட்டு மெதுவாக ஓட்டி, அருகில் உள்ள இடத்தில் நிறுத்துவதே நல்லது. எண்ணெய்க் குவளை போட்ட சிவப்பு விளக்கோ, வெப்பமானி சிவப்பில் நிற்பதோ இதற்கெல்லாம் மேலானவை. அப்போது எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும், 'அடுத்த பங்க் வரை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பாதிப் பேர் பயப்படுகிறோம், மீதிப் பேர் எதற்குமே பயப்படாமல் இருக்கிறோம்.

மஞ்சள் விளக்கு எதற்காக வந்தது என்று தெரிந்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எஞ்சின் கெட்டுவிடும் என்று எச்சரிப்பதற்காக வைத்த விளக்கல்ல அது. புகைக்காக வைத்தது. கலிபோர்னியாவில் காற்று கெட்டுப்போன கவலையில், கார் தன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தானே கண்காணித்து, பழுது வந்தால் ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டும் என்று 1988 மாடல் கார்களிலிருந்து விதி கொண்டுவந்தார்கள். 1996-ல் அமெரிக்கா முழுவதும் எல்லா கார்களுக்கும் ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி குறியீடு என்று ஆனது. அதைத்தான் ஓபிடி-2 என்கிறார்கள். ஆகவே வண்டி நன்றாக ஓடும்போதே விளக்கு எரிவதில் முரண்பாடு எதுவும் இல்லை. வண்டி ஓடும், ஆனால் புகை அளவுக்குள் இருக்காது. புகை அளவு மீறினால் பெட்ரோலும் பெரும்பாலும் வீணாகிக்கொண்டிருக்கும். அது நம் பர்ஸ் விஷயம்.

இந்தக் கண்காணிப்புக்கெல்லாம் ஆதாரமான கருவி ஆக்ஸிஜன் சென்சார். லாம்ப்டா சென்சார் என்றும் சொல்வார்கள். சைலன்சர் குழாயில் கட்டைவிரல் அளவில் முறுக்கி வைத்திருக்கும் இதைத் தயாரித்தது பாஷ் நிறுவனம், 1976-ல் முதலில் பொருத்தியது வால்வோ. நீலசந்திராக்காரர்களுக்கு பாஷ் அந்நியப் பெயரல்ல. 1951-ல் தொடங்கி 2008 வரை அதற்கு இங்கே மைக்கோ என்றுதான் பெயர். ஆடுகோடி சங்கு ஊதும் நேரத்தை வைத்துச் சமையலை முடித்த வீடுகள் நம்மில் எத்தனையோ உண்டு.

இனி உங்கள் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, வண்டி எந்த ஆண்டு செய்யப்பட்டது என்று பாருங்கள். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ்-4 விதி 2010 ஏப்ரலில் பெங்களூரு, சென்னை உட்பட 13 நகரங்களில் வந்தது. நாடு முழுவதற்கும் வந்தது 2017 ஏப்ரலில்தான். அந்த பி.எஸ்.-4 கார்களில் முதலில் வைத்தது ஓபிடி-1. சென்சாருக்குப் போகும் மின்சுற்று அறுந்திருக்கிறதா என்ற அளவில் மட்டும் அது பார்க்கும். 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 வந்தது. சுற்று சரியாக இருந்தாலும், சென்சார் சோம்பலாக வேலை செய்கிறதா, கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்கிறதா, எந்தச் சிலிண்டர் மிஸ்ஸாகிறது என்றெல்லாம் அது பார்க்கும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். 2011 மாடல் காரில் விளக்கு எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வயர், கப்ளர், சென்சார் ஆகிய மின்சார சமாச்சாரங்களை. 2014 மாடலில் எரிந்தால் காரணம் வயராகவும் இருக்கலாம், ஓட்டை விழுந்த குழாயாகவும் இருக்கலாம். 2010-க்கு முந்தைய கார்களில் சாக்கெட்டும் மொழியும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அவற்றுக்கு அந்தக் கம்பெனி ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். சில பழைய மாடல்களில் இரண்டு முனைகளை ஒரு சிறு வயரால் இணைத்தால் விளக்கே சிமிட்டிச் சிமிட்டி எண்ணைச் சொல்லும். ஊரில் வாங்கிய கார் என்றால் ஒரு சங்கதி: 2010-க்கும் 2017-க்கும் இடையில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பதிவான கார் பி.எஸ்.-3 ஆகவும் இருக்கலாம். ஆண்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். கார் 2014 மாடல், சிறிய பெட்ரோல் கார். திருவண்ணாமலையிலிருந்து திரும்பியதும் முதல் மெக்கானிக்கிடம் போனேன். தெரிந்த பையன். ஐந்து நிமிடத்தில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினான். "லைட் போயிடுச்சுண்ணா, இனி வராது" என்று 200 ரூபாய் வாங்கிக்கொண்டான். நான்காம் நாள் வந்துவிட்டது. அடுத்த கேரேஜில் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். புதியது போட்டதில் 4,200 ரூபாய். ஒன்பது நாள் விளக்கு வரவில்லை. பத்தாம் நாள் விவேக்நகர் சிக்னலில் நிற்கும்போது மறுபடி எரிந்தது. மூன்றாவதாகப் போன பெரிய இடத்தில் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும் என்று 32,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். கோட் என்ன வந்தது என்று கேட்டேன். "எமிஷன் கோட் சார்" என்றார்கள். அந்த மாதம் பெரியவளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் கன்வெர்ட்டர் மாற்றாமல் தப்பித்தேன் என்று சொல்ல வேண்டும், என் புத்திசாலித்தனத்தால் அல்ல.

இந்த மூவரும் செய்த தவறு ஒன்றுதான். காட்டிக்கொடுக்கும் சாட்சியை விசாரிக்காமலே அனுப்பிவிட்டார்கள். விளக்கு எரியும் அதே நொடியில் காரின் கம்ப்யூட்டர் ஒரு கோட் எண்ணைப் பதிந்து வைக்கிறது. கூடவே அப்போது எஞ்சின் எத்தனை சுற்றில் இருந்தது, என்ன வேகம், எவ்வளவு சூடு என்ற விவரங்களையும் சேர்த்து வைக்கிறது. பேட்டரி வயரைக் கழற்றினால் இது அத்தனையும் அழிந்து போகும். பழுது மட்டும் அப்படியே இருக்கும். பல பழுதுகளை கம்ப்யூட்டர் ஒரு முறை பார்த்ததும் விளக்கைப் போட்டுவிடாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பார்த்தால்தான் போடும். அதனால்தான் அழித்த பிறகு சில நாள் விளக்கு வராமல் இருந்து நம்மை ஏமாற்றுகிறது. பழுது உண்மையாகவே நீங்கினால், மூன்று ஓட்டங்களில் குறை காணாதபோது விளக்கு தானாகவே அணையும். யாரும் அழிக்கத் தேவையில்லை. கோட் மட்டும் இன்னும் சில வாரம் உள்ளே பழைய கணக்காக இருந்துவிட்டுப் போகும்.

கோட் படிக்கும் கருவி இப்போது பெரிய விஷயமில்லை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அடாப்டர், செல்போனில் ஒரு ஆப், இரண்டும் போதும். சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்தைந்நூறு வரை விலையில் கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் பக்கம் குனிந்து பார்த்தால் 16 துளை கொண்ட சாக்கெட் தெரியும், அதில் செருக வேண்டும். ஆப்பிள் போன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துப்போகும் அடாப்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவானவற்றில் பல அதனோடு பேசுவதில்லை.

கோட் ஒரு எழுத்தும் நான்கு எண்களுமாக வரும். 'பி' என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்தது. அடுத்த எண் பூஜ்யம் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோட், ஒன்று என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோட். மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 வந்தால் காற்றும் பெட்ரோலும், 3 வந்தால் பிளக்-காயில் முதலிய பற்றவைப்பு, 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு, 5 வந்தால் ஐடில் வேகம். எனக்கு வந்தது பி0171. 'கலவையில் பெட்ரோல் போதவில்லை' என்பது அதன் பொருள். கன்வெர்ட்டர் என்ற சொல்லே அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கன்வெர்ட்டரைப் பற்றிய கோட் பி0420.

ஆனால் கோட் என்பது நோயின் பெயரல்ல, வலி எங்கே என்று சொல்வது மட்டும்தான். பி0171 வந்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவது, வயிற்று வலி என்றதும் வயிற்றை மாற்றுவது போல. சென்சார் என்ன பார்த்தது, ஏன் அப்படிச் சொன்னது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சர் குழாயில் இருக்கும் சென்சார், எரிந்து வரும் புகையில் மீதி ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறது. இருந்தால் 'பெட்ரோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டர் கொஞ்சம் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். வீட்டில் குழம்பை ருசி பார்த்துப் பார்த்து உப்பு போடுவது மாதிரிதான். இப்படி எவ்வளவு கூட்டினோம், குறைத்தோம் என்ற கணக்கை ஆப்பில் 'ஃபியூயல் டிரிம்' என்ற பெயரில் சதவீதமாகப் பார்க்கலாம். சில சதவீதம் இப்படி அப்படி இருப்பது இயல்பு. இருபது, இருபத்தைந்தைத் தொடும்போது 'இதற்கு மேல் என்னால் ஆகாது' என்று கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும்.

என் காரில் ஐடிலில் நிற்கும்போது டிரிம் 22 சதவீதம் கூடுதல். லேசாக ரேஸ் கொடுத்து 2500 சுற்றில் பிடித்தால் 6 சதவீதத்துக்கு இறங்கியது. இந்த இரண்டு எண்களுக்குள் விடை முழுவதும் இருந்தது. ஆனால் எனக்கு அதைப் படிக்க இரண்டு வாரம் ஆயிற்று.

முதலில் அந்த ஆறு. பெட்ரோல் பம்ப் வலுவிழந்தாலோ, ஃபில்டர் அடைத்தாலோ பெட்ரோல் அதிகம் தேவைப்படும்போதுதான் பற்றாக்குறை தெரியும். அப்படியென்றால் ரேஸ் கொடுக்கும்போது எண் ஏறியிருக்க வேண்டும், இறங்கியிருக்கக் கூடாது. ஆக பம்ப் நிரபராதி. பிறகு ஆறு எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்தேதான். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் பிரதமர் தொடங்கி வைத்தது நம் பெங்களூருவில்தான். அன்று 84 பங்க்குகள். 2025-ல் நாடு முழுவதும் அந்த 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. எத்தனாலில் ஆக்ஸிஜன் அதனுள்ளேயே இருக்கிறது. ஆகவே அதே காற்றுக்கு அதிக அளவு ஊற்ற வேண்டும். பழைய பெட்ரோலுக்கென்று கணக்குப் போட்டு வைத்த கார், இந்தப் பெட்ரோலில் எந்தச் சுற்றில் ஓடினாலும் சில சதவீதம் கூட்டித்தான் ஓடும். இது மட்டுமே விளக்கைப் போடாது. ஆனால் ஏற்கெனவே ஒரு சின்னப் பழுது இருந்து, வரம்புக்குக் கீழே ஒளிந்திருந்தால், அதை வரம்புக்கு மேலே தள்ளிவிடும். எத்தனை பேர் 'பெட்ரோல்தான் காரணம், ஒன்றும் செய்ய முடியாது' என்று விட்டுவிட்டார்களோ தெரியாது. பெட்ரோல் பாதிக் காரணம்கூட இல்லை.

அடுத்து, ஐடிலில் மட்டும் கூடுதலாக இருக்கும் மீதிப் பதினாறு. எங்கோ திருட்டுக் காற்று புகுகிறது. எஞ்சினுக்குள் போகும் வழியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் இப்படி வரலாம். உள்ளே போகும் காற்றை எடைபோடும் சென்சார் உள்ள கார்களில் இது அப்பட்டமாகத் தெரியும். காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள கார்களில், நம் ஊரின் சிறிய பெட்ரோல் கார்கள் பல இந்த வகைதான், புகுந்த காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடும். டிரிம் அவ்வளவாக மாறாது, ஐடில் வேகம்தான் ஏறி நிற்கும். என் காரில் ஐடில் சரியாக இருந்தது. ஹோஸ்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை.

விடையைத் தந்தது யாரும் எதிர்பாராத ஒரு காகிதம், எமிஷன் டெஸ்ட் சீட்டு. கையுறை வைக்கும் பெட்டியில் போன வருடத்ததும் இந்த வருடத்ததும் சேர்ந்து கிடந்தன. பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். போன வருடம் 0.04, இந்த வருடம் 0.27. பாஸ்தான், ஆனால் மயிரிழையில். உண்மையாகவே பெட்ரோல் போதாமல் ஓடும் காரில் கார்பன் மோனாக்சைடு ஏறாது. அது ஏறுவது பெட்ரோல் அதிகமாகும்போது. சென்சார் 'போதவில்லை' என்கிறது, சைலன்சர் வாயில் 'அதிகம்' என்கிறது. இரண்டில் ஒன்று ஏமாந்திருக்கிறது.

ஏமாந்தது சென்சார்தான், ஆனால் அதன் மேல் குற்றமில்லை. எஞ்சினிலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. இரண்டு துடிப்புக்கு நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. சென்சாருக்கு முன்னால் குழாயில் சிறு விரிசல் இருந்தால், அந்த நேரத்தில் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்கிறது. கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டுகிறது. ரேஸ் கொடுத்தால் புகையின் அளவு கூடி, துடிப்புகள் நெருங்கி, உறிஞ்சுவது குறைகிறது. 22 என்பது 6 ஆவது இதனால்தான். புது சென்சாரும் பழையது சொன்னதையே சொன்னதும் இதனால்தான்.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பானெட்டைத் திறந்து கேட்டேன். 'டிக் டிக்' என்று மெல்லிய ஓசை, சூடானதும் மறைந்துவிட்டது. உலோகம் விரிந்து விரிசலை மூடிக்கொள்கிறது. பிட்டில் ஏற்றிப் பார்த்தபோது மேனிஃபோல்டுக்குக் கீழ் இணைப்பில் கரி படிந்த கோடு. நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு போட்டிருக்கும் ஹம்ப்கள் அடியில் இடித்து இடித்து வந்த வினை என்று நினைக்கிறேன். கேஸ்கெட்டும் வெல்டிங்குமாக 650 ரூபாய் ஆயிற்று. 32,000 ரூபாய்க்குக் கன்வெர்ட்டர் மாற்றியிருந்தால், விரிசல் சென்சாருக்கு முன்னால் இருந்ததால், விளக்கு பத்து நாளில் திரும்பி வந்திருக்கும்.

எல்லாருக்கும் இதே பழுது இருக்காது. ஆகவே நம் பகுதியில் பார்த்த மற்றவற்றையும் சொல்கிறேன்.

எலிதான் முதல் எதிரி. சாக்கடை ஓரமாக ராத்திரி முழுவதும் நிற்கும் கார்களில் சூடான எஞ்சின் மேல் வந்து படுத்து வயரைக் கடிக்கும். கோட் எந்த சென்சாரைச் சொன்னாலும், அதை வாங்கும் முன் அதற்குப் போகும் வயரை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் விளக்கு எரிந்து வெயில் வந்ததும் அணைந்தால் கப்ளருக்குள் ஈரமோ பச்சைக் களிம்போ இருக்கும். கழற்றி, எலெக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலர்த்தி மாட்டினால் போதும்.

மிஸ்ஸிங் கோட் பி0301, பி0302 என்று வரும். கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார் என்றால், இரண்டாம் சிலிண்டர் காயிலை மூன்றாவதோடு மாற்றி மாட்டுங்கள். கோட் பி0303 என்று மாறினால் காயில் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். செலவில்லாத சோதனை.

இன்னொன்று, நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய பழக்கம். எஞ்சின் சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். 'நம்ம ஊருக்கு இது வேண்டாம் சார்.' சூடு அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் பெங்களூருவின் குளிரில், இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூட ஓட்டத்தில், எஞ்சின் தேவையான சூட்டுக்கு வரவே வராது. கம்ப்யூட்டர் குளிர்காலம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டியே ஊற்றும். பி0128 வந்தால் சென்சாரை மாற்றும் முன் தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய காரை வாங்கியவர்களுக்கு இதைச் செய்தது எந்த ஓனர் காலத்தில் என்றுகூடத் தெரியாது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் போனில் சொல்வது, பெட்ரோல் மூடியை இறுக்கு என்பது. அங்கே கார் பெட்ரோல் டாங்கின் ஆவிக் கசிவையும் சோதிக்கும், அதனால் சொல்கிறார்கள். நம் பழைய கார்களில் பெரும்பாலும் அந்த ஏற்பாடு கிடையாது.

சென்சார்கள் நிஜம் சொல்கின்றனவா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஆப்பைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக, வெளி வெப்பத்தை ஒட்டி இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 காட்டினால் வயர் அறுந்திருக்கிறது. காற்றழுத்தம் காட்டும் எண்ணையும் பாருங்கள். கடல் மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல். நாம் இருப்பது சுமார் 920 மீட்டர் உயரத்தில், இங்கே 91-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நீலசந்திராவில் நிற்கும் காரில் 101 காட்டினால் அந்த சென்சார் சென்னையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. 'இன்டர்நெட்டில் 101 என்று போட்டிருக்கிறது, இங்கே 91 காட்டுகிறது' என்று நல்ல சென்சாரை மாற்றிய அன்பர் ஒருவரையும் எனக்குத் தெரியும்.

சென்சார் உண்மையாகவே போயிருந்தால் ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். பெட்டி மட்டும் ஒரிஜினலாக இருப்பவை உண்டு, பழையதில் உள்ள பாகம் எண்ணை எழுதிக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். ஆக்ஸிஜன் சென்சாருக்குள் இருப்பது பீங்கான், கீழே விழுந்தது என்றால் வாங்காதீர்கள். எஞ்சினில் கண்ட சிலிக்கோன் பசையைப் பூசி ஒட்டினால் அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும்.

பழுது பார்த்த பிறகு விளக்கு அணைய நாளாகிறதே என்று பதற வேண்டாம். சில சோதனைகளை எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் கம்ப்யூட்டர் செய்து முடிக்கும். ரிச்மண்ட் ரோட்டில் அரை மணிக்கு ஒரு கிலோமீட்டர் போனால் அது நடக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி, பத்து கிலோமீட்டர் சீராக ஓட்டித் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை விளக்கு தானாக அணைந்திருந்தது. டிரிம் ஐடிலிலும் ரேஸிலும் ஐந்தாறு சதவீதத்தில் நிற்கிறது, அது பெட்ரோலின் பங்கு. நகருக்குள் லிட்டருக்கு 11 ஓடியது இப்போது 13.5 ஓடுகிறது.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பும்போதே எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஆப்பில் 'மானிட்டர் ரெடி இல்லை' என்று வரிசையாகக் காட்டினால், உங்களுக்குக் காட்டுவதற்காக அன்று காலையில்தான் கோட்டை அழித்திருக்கக் கூடும். வண்டியின் ஆண்டைப் பார்ப்பதும் முக்கியம். 15 ஆண்டு முடிந்த சொந்தக் காருக்கு ஆர்.டி.ஓ.வில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதற்கு முன் எமிஷன் சீட்டும் வேண்டும். அந்த நேரத்தில் விளக்கோடு மல்லுக்கு நிற்பதைவிட வாங்கும்போதே பார்த்துவிடலாம்.

அடாப்டரை வேலை முடிந்ததும் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். செருகியபடியே பத்து நாள் நிறுத்தி வைத்தால் பழைய பேட்டரியை அது மெல்லக் குடித்துவிடும். என்னுடைய அடாப்டர் இப்போது என்னிடம் இல்லை. எதிர் வீட்டிலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போய், கடைசியாக ஆனேபாளையத்தில் ஒரு நண்பர் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. சங்கத்து அன்பர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள், வாங்கித் தருகிறேன்.